ஏகநாதன் வைத்த பேனர்

கோவிலம்பாக்கத்தில் ஏகநாதனைத் தெரியாதவர்கள் கிடையாது. மதிப்பவர்கள் யார் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம் அவர் காலத்தில் மனையாகி, மனை அடுக்குமாடியாகி, கடைசியில் ஒரு ஹார்டுவேர் கடையும் வரிசையாகச் சில வாடகை வீடுகளும் மிஞ்சின. கடையை மச்சினன் பார்த்துக்கொண்டான். வாடகைக்காரர்கள் எதிரே பார்த்தால் வணக்கம் வைத்தார்கள். அவர் தலை மறைந்ததும் தண்ணீர் மோட்டாரைச் சொல்லித் திட்டினார்கள். உட்கார்ந்து சாப்பிட வசதி இருந்தது. உட்கார்ந்தே இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்படிப்பட்ட மனுஷனைக் கூடைப்பந்து பிடித்துக்கொண்டதற்கு ஒரு மழைதான் காரணம். மகள் தேவதர்ஷினி தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளை அழைத்துவரப் போனவர், மழைக்கு ஒதுங்கியது விளையாட்டரங்கின் கேலரியில். கீழே கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நடந்துகொண்டிருந்தது. தேவதர்ஷினி வந்து, "அப்பா, மழை விட்டுச்சு, போலாம்" என்றாள். "இரும்மா, இன்னா அவசரம்? இன்னும் ஒரு குவார்ட்டர் ஆட்டம் கீது" என்றார் ஏகநாதன். மகள் படிப்பை முடித்தாள், சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணமாகிப் போனாள். அப்பா மட்டும் அந்தக் கேலரியை விட்டு இறங்கவில்லை. "பொண்ணு பாஸ் பண்ணிட்டா. அப்பன்தான் இன்னும் அரியர் வெச்சிக்கினு காலேஜுக்குப் போறாரு" என்று மனைவி சாமுண்டீஸ்வரி உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கல்லூரியின் பக்கவாட்டு கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே அவருக்கு இரண்டு கூட்டாளிகள் கிடைத்தார்கள். ஷ்யாம்சுந்தர் வங்கியில் மேனேஜராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். எந்தப் பெண் எந்த மேட்சில் எத்தனை பாயிண்ட் போட்டாள் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். பிரசன்னா தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தான். இவர்களோடு இன்னும் பலரைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு, பெயர் 'கேலரி கிங்ஸ்'. அணி ஜெயித்தால் மறுநாள் பேனர் நிற்கும். மேலே ஆடிய பெண்கள் சின்னச் சின்னதாக இருப்பார்கள். கீழே ஆடாத கிங்ஸ் வரிசையாக, பெரிது பெரிதாக இருப்பார்கள். ஏகநாதன் காதில் செல்போனை வைத்துக்கொண்டு, ஏதோ மந்திரியோடு பேசுகிற மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். தன் முகம் இல்லாத பேனரை அடிக்க அந்த ஊரில் எவனுக்கும் கை வராது.

இந்தச் சமயத்தில்தான் பிளஸ்ஸி வந்து சேர்ந்தாள். கீழ்க்கட்டளைப் பெண். அப்பா அவள் சிறுமியாக இருந்தபோதே தவறிப்போனார். அம்மா செல்லம்மா குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பி.ஏ. சேர்ந்த பிளஸ்ஸி, முதல் வருஷத்திலேயே அணியின் பாயிண்ட் கார்டு ஆனாள். பந்தை எடுத்துப் போய் மற்ற நால்வரையும் ஆட்டுவிக்கிற இடம் அது. ஒல்லியான உடம்பு. ஆனால் பந்து கையில் வந்துவிட்டால் அவளை மறிக்க நினைத்தவர்கள் எல்லாரும் அவள் இல்லாத இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஏகநாதன் அவளுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுத்தார். தினமும் முட்டைக்கு ஏற்பாடு செய்தார். வெளியூர்ப் போட்டி என்றால் அணிக்கு முன்னால் அவர் ரயிலேறிவிடுவார். செல்லம்மாவுக்கு லீவு கிடைக்காது. அதனால் ஒவ்வொரு ஊரிலிருந்தும் அவர்தான் போன் போடுவார். "செல்லம்மா, பத்திரமா வந்து சேந்துட்டாங்க." "செல்லம்மா, ஜெயிச்சாச்சு." "செல்லம்மா, லேசா ஜொரம், மாத்திர வாங்கிக் குடுத்துட்டேன், பயப்படாத." பிளஸ்ஸி மறந்தாலும் அவர் மறக்க மாட்டார். "நீங்க சொல்லிட்டீங்கல்ல, போதும்ணா" என்று செல்லம்மா நிம்மதியாக அடுத்த வார்டுக்குப் போவாள். ஒரு தெரு முழுக்க வாடகை வாங்கியதில் கிடைக்காத பெருமை அவருக்கு இதில் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், அந்த மனுஷன் ஒருவருக்குத் தேவைப்பட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

போன வருஷ இறுதிப் போட்டி வண்டலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு. நடுவில் பிளஸ்ஸி முட்டி மடங்கி விழுந்தாள். கோச் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டார். ஸ்கோர் இறங்க ஆரம்பித்தது. ஏகநாதன் எழுந்து நின்று கையைத் தட்டி, "பிளஸ்ஸி! பிளஸ்ஸி!" என்று ஆரம்பித்தார். கேலரியே சேர்ந்துகொண்டது. கோச் மேலே பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், அவளை உள்ளே அனுப்பினார். நொண்டிக்கொண்டே ஆடிக் கோப்பையை வாங்கினாள். 'தாம்பரத்தின் தங்கம்' என்று பேனர் வைத்தார்கள். இடுப்பு வரைக்கும்தான் படம், அதனால் வீங்கிய முட்டி தெரியவில்லை.

பி.ஏ. முடிந்தது. எம்.ஏ.வும் அங்கேயே சேருவாள், இன்னும் இரண்டு வருஷம் ஆடுவாள் என்று கிங்ஸ் முடிவு செய்திருந்தார்கள். என்ன எம்.ஏ. படிக்கப் போகிறாள் என்று ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை.

"அண்ணா, ஒரு பேஜாரான மேட்டர்" என்று ஒரு நாள் சாயங்காலம் பிரசன்னா டீயைக் கையில் வாங்காமலே ஆரம்பித்தான். "வண்டலூர் காலேஜ்லேந்து நம்ம கடைக்கு ஒரு ஆர்டர் வந்துகீது. 'வருக வருக'ன்னு. நடுவுல பாத்தா நம்ம பிளஸ்ஸி போட்டோ!"

"சான்ஸே இல்ல. எந்த பிளஸ்ஸி?" என்றார் ஷ்யாம்சுந்தர்.

"எத்தினி பிளஸ்ஸி சார் கீது, நம்ம தாம்பரத்துல?"

"போன சீசன்ல நம்ம ஸ்கோர்ல பாதி அவ போட்டது. அவ போயிட்டா டீமே க்ளோஸ். ஏதோ பெரிசா குடுத்திருப்பாங்க, வேற என்ன?"

"ஹாஸ்டல்ல ஏசி ரூமாம் சார்."

அந்த 'ஆம்' போதுமானதாக இருந்தது. குழுவில் ஏசி ரூம் ஸ்கூட்டியானது, ஸ்கூட்டி ஃப்ளாட் ஆனது. வளர்த்தவர்கள் மார்பில் பாய்ந்துவிட்டாள் என்றார் ஒருவர். அவர் அவளுக்கு ஒரு டீகூட வாங்கிக் கொடுத்தவரில்லை. செல்லம்மா ஆயா வேலையை விட்டுவிட்டாளாம், இனி ராணி மாதிரி இருப்பாளாம் என்று இன்னொருவர் எழுதினார். அவர் அதை எழுதின நேரத்தில் செல்லம்மா குரோம்பேட்டையில் பெட்பேன் கழுவிக்கொண்டிருந்தாள்.

 ஏகநாதனுக்கு டீமும் கோப்பையும் அப்புறம்தான். அவள் தன்னிடம் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவருக்குப் பேனர் கடைக்காரன் வந்து செய்தி சொல்கிறான். இனி எந்த ஊரிலிருந்து எந்தப் போனைப் போடுவது? அவர் மறுபடியும் வெறும் வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் ஆகிவிடுவார். அந்தப் பயம்தான் கோபம் என்ற பெயரில் அவருக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் பிளஸ்ஸி சொல்லத்தான் வந்தாள். மறுநாளே ஹார்டுவேர் கடைக்கு வந்தாள். மச்சினன் வெளியே போயிருந்ததால் கடையில் ஏகநாதன்தான் இருந்தார், பைப் வாங்க வந்த கூட்டமும் இருந்தது.

"அங்கிள், உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

"இன்னாத்த சொல்லப் போற? அதான் பேனரே அடிச்சாச்சே."

"முட்டி, அங்கிள். ஸ்கேன் எடுத்தோம், அதுல..."

"முட்டி யாருக்குத்தான் வலிக்கல? எனக்கும்தான் மாடி ஏறசொல்ல வலிக்குது. நான் இன்னா வூட்டயா மாத்திட்டேன்?" கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெம்பைக் கொடுத்தது. "உனுக்கு நான் இன்னா கொற வெச்சேன்? ஷூவா? முட்டையா? சொல்லேன், எல்லாரும் கேக்கட்டும்."

"அங்க ஃபிசியோதெரபி எல்லாம் இருக்கு அங்கிள். இங்க ஐஸ் மட்டும்தான் வெக்கறாங்க. இப்படியே ஆடினா இன்னும் ஒரு வருஷம் தாங்கினா பெரிசுன்னு டாக்டர் சொல்றாரு."

"அந்த ஒரு வருஷத்த எங்களுக்கு ஆடிட்டுப் போறது!"

சொன்னவருக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. கேட்டவளுக்கு நன்றாகவே புரிந்தது.  "சரி அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் படியில் மெதுவாக, ஒரு காலை ஊன்றி ஊன்றி இறங்கினாள். ஏகநாதன் அந்தப் பக்கமே பார்க்காமல் பைப்பை அளந்துகொண்டிருந்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சாமுண்டீஸ்வரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நம்ம தேவி மூணு கம்பெனி மாறிட்டா. ஒவ்வொரு தடவையும் நீங்க தெரு பூரா ஸ்வீட் குடுத்தீங்க. அந்தப் பொண்ணு ஒரு காலேஜ் மாறினா மட்டும் துரோகியா?"

"அது வேற, இது வேற."

"இன்னா வேற?"

பதில் இருந்தது. வெளியே எடுத்துச் சொல்லக்கூடிய பதிலாக இல்லை. தேவி அவர் பெற்ற பெண், எங்கே வேண்டுமானாலும் போகலாம். பிளஸ்ஸி அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டவள், போகக் கூடாது. அவருடைய பாட்டனார் தன் களத்தில் வேலை செய்தவர்களைப் பற்றி நினைத்ததும் இதைத்தான். ஏகநாதனிடம் களம் போய்விட்டது, நினைப்பு மட்டும் பத்திரமாக இருந்தது.

சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்தார். அவருக்கு டைப் அடிக்க வராது, எதையும் பேசித்தான் அனுப்புவார். போனை வாய்க்குக் கிட்டே வைத்துக் குழுவுக்குச் சொன்னார்: "இத பாருங்கப்பா, நம்மளப் பொறுத்தவரைக்கும் அவ செத்துட்டா. டேய் பிரசன்னா, அட்றா ஒரு கண்ணீர் அஞ்சலி! கீழ்க்கட்டளை ஸ்டாப்பிங்லயே வையி. ஊரே பாக்கட்டும்." கடைசியில் ஒரு சிரிப்பும் சிரித்தார்.

கிங்ஸுக்கு உயிர் வந்தது. சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். ஷ்யாம்சுந்தர் மட்டும், "சார், கொஞ்சம் ஓவரா போறோமோ?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே, "பழைய போட்டோல நான் குண்டா இருக்கேன், புதுசு அனுப்பறேன்" என்றும் எழுதினார்.

பிரசன்னா தொழில் சுத்தமானவன். கறுப்புப் பின்னணி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, பிளஸ்ஸி கோப்பையோடு சிரிக்கும் படத்தைச் சுற்றிச் சாமந்தி மாலை. 'கண்ணீர் அஞ்சலி' என்பது மேம்பாலத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற எழுத்தில். அதற்குக் கீழே 'எங்கள் கல்லூரியை விட்டு மறைந்த' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. தமாஷ் முழுவதும் அந்த வரியில்தான் இருந்தது, அதைப் பக்கத்தில் போய் நின்றால்தான் படிக்க முடியும். கீழே 'கண்ணீருடன்' என்று போட்டு மூன்று முகங்கள். செல்போன் வைத்த படம் துக்கத்துக்குப் பொருந்தாது என்று, ஏகநாதன் ஒரு கல்யாண வரவேற்பில் கைகூப்பி நின்ற படத்தை எடுத்துப் போட்டிருந்தான். அதுதான் மூன்றிலும் பெரிது.

பேனர் விடியற்காலையில் ஏறியது. பிளஸ்ஸி அப்போது ஊரிலேயே இல்லை. புதுக் கல்லூரி அணியோடு கோயம்புத்தூரில் பயிற்சி முகாமில் இருந்தாள். அது கிங்ஸுக்குத் தெரியாது.

காலையில் ஏகநாதன் கூடத்தில் உட்கார்ந்து, பேனர் படத்துக்கு வந்த பாராட்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் கேட் படாரென்று திறந்தது. செல்லம்மா. ஆஸ்பத்திரிப் புடவை, தோளில் சாப்பாட்டுப் பை. ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவள் கீழ்க்கட்டளையில் இறங்கி, அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேரே இங்கே வந்திருக்கிறாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து அவர் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"எந்த ஆஸ்பத்திரிண்ணா?" என்றாள் அவள்.

"இன்னா செல்லம்மா?"

"புள்ளய எங்க வெச்சிகீறாங்க? கோயம்புத்தூர்லயே கீதா, எத்துக்கினு வராங்களா? அவ போனு சுட்ச் ஆஃப்னு வருது. எப்பவும் நீங்கதானே எல்லாம் சொல்லுவீங்க? இதுக்கு மட்டும் ஏன்ணா எனக்கு ஒரு போன் போடல?"

 உள்ளே தாளித்துக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி கரண்டியோடு வந்து நின்றாள்.

"செல்லம்மா, ஒண்ணும் ஆவல. பிளஸ்ஸி நல்லா கீறா. அது சும்மா. ஒரு தமாஷுக்கு."

செல்லம்மா தலையை ஆட்டினாள். "என்னத் தேத்தாதீங்கண்ணா. நான் ஆஸ்பத்திரில வேல செய்றவ. மொதல்ல எல்லாருமே ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. நான் தாங்கிக்கிறேன். எங்க கீதுன்னு மட்டும் சொல்லுங்க."

"சத்தியமா சொல்றேன். நாங்கதான் போட்டோம். காலேஜ் மாறிட்டான்னு ஒரு கோவத்துல..."

"காலேஜ் மாறினதுக்கு யாராவது கண்ணீர் அஞ்சலி போடுவாங்களாண்ணா? எவனாவது பொறுக்கி போட்டிருந்தா கிழிச்சிப் போட்டுட்டு வூட்டுக்குப் போயிருப்பேன். உங்க படம் இருந்துச்சு. கையெடுத்துக் கும்புட்டுக்கினு இருந்தீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?"

அவள் நம்ப மறுத்தாள். எத்தனை தரம் சொன்னாலும், நல்ல மனுஷன் ஒருவர் அவளுடைய துக்கத்தைத் தள்ளிப்போடப் பார்க்கிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏகநாதன் பிளஸ்ஸிக்குப் போன் போட்டுப் பார்த்தார். அணைத்துத்தான் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு அவரிடம் ஒரே ஒரு அத்தாட்சிதான் இருந்தது: தான் எவ்வளவு கேவலமானவன் என்பது. அதை அவர் நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்தது.

குழுவைத் திறந்து, தன் குரலைத் தேடி எடுத்து, செல்லம்மா காதருகே பிடித்தார்.  'இத பாருங்கப்பா, நம்மளப் பொறுத்தவரைக்கும் அவ செத்துட்டா' என்று போன் சொன்னது. ஊரே பாக்கட்டும் என்றது. கடைசியில் சிரித்தது. சாமுண்டீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். செல்லம்மா போனைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் போனைப் பார்த்தாள். இரண்டும் ஒரே ஆள்தானா என்று சரிபார்க்கிறவள் மாதிரி இருந்தது.

சாமுண்டீஸ்வரி தன் போனை எடுத்து விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். பயிற்சி முடிந்து கோச் போன்களைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கடைசியில் மணி அடித்தது. "ஆன்ட்டி?" என்றது அந்தப் பக்கம். "இரும்மா, அம்மாகிட்ட குடுக்கறேன்."

செல்லம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.  "சாப்ட்டியா?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லடி. சும்மாத்தான் வந்தேன், அண்ணி வூட்டுக்கு. முட்டி எப்பிடி கீது? இன்னிக்கு ஃபிசியோல கரண்டு வெச்சாங்களா? சரி, சரி. சாப்டு, போ." பேனரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனை முந்தானையில் துடைத்துச் சாமுண்டீஸ்வரியிடம் கொடுத்தாள்.

செல்லம்மா திட்டுவாள் என்று ஏகநாதன் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. மண்ணை வாரித் தூற்றினால் இன்னும் நல்லது, தெருவே கேட்டாலும் பரவாயில்லை. "செல்லம்மா, எதுனா சொல்லிடு" என்றார். 

செல்லம்மா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் பேச்சில் கோபமே இல்லை.

"பஸ்ஸுல வரசொல்ல எனக்கு அழுவக்கூட வரலண்ணா. அண்ணன் கீறாரு, புள்ளய எத்துக்கினு வர்றதுலேந்து அடக்கம் பண்ற வரைக்கும் எல்லாத்தையும் அவரு பாத்துக்குவாருன்னு நெனச்சிக்கினே வந்தேன்."

சாமுண்டீஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவளைக் கைத்தாங்கலாகப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட்டிப் போனாள். ஏகநாதனும் கேட் வரைக்கும் போனார். வா என்று அவரை யாரும் கூப்பிடவில்லை.